கொம்பு ஒரு வரி, மாடு ஒரு வரி

வாலே எய்யா, திண்ணையில இப்படி உக்காரு. மெட்ராஸ்லேருந்து அசனத்துக்கு வந்தவன், பந்தியில உக்காந்து தின்னமா, மதியம் வேப்பமரத்தடியில சாஞ்சமான்னு இல்லாம, நேத்துலேருந்து என் சாரத்தைப் பிடிச்சுக்கிட்டே திரியுத. "தாத்தா, நான் செஞ்ச வேதாகம ஆப் எப்படி இருக்கு? நெறகொற சொல்லுங்க, அடுத்த தடவ சரி பண்ணிருதேன்"ங்க. கேட்டது நீ. பொறவு மூஞ்சியத் தூக்கப்படாது.

நெறையிலேருந்து ஆரம்பிக்கேன். ரொம்ப நல்லா இருக்குலே. தொறந்த ஒடனே சூரியன் உதிக்கி. மல தெரியுது. மலைக்கு மேல வெள்ள மேகம், வெள்ள மேகத்து மேல வெள்ள எழுத்துல அன்னைக்குள்ள வசனம். படிக்கத்தான் முடியல. ஆனா மல ஜோரா இருக்கு. உள்ள போனா மேல ஒரு பட்டை, கீழ ஒரு பட்டை. கீழ்ப் பட்டையில அஞ்சு பொம்மை. வலது மூலையில ஒரு உருண்டை எப்பவும் மெதந்துக்கிட்டே கெடக்கு, கெணத்துல விழுந்த தேங்கா மாதிரி. அதுக்கு எடையில "உங்கள் நண்பர்களை அழையுங்கள்"னு ஒரு பலகை எந்திரிச்சு நிக்கி. எல்லாத்தையும் வெலக்கிட்டு எண்ணிப் பாத்தேன், நடுவுல வசனம் மூணே முக்கா வரி. வேலி நாலு பக்கமும் பிரமாதமா கெட்டியிருக்க மக்கா. தோட்டத்துக்குத்தான் எடம் பத்தல.

சிரிக்காதல. இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. ஒங்க ஆச்சியக் கெட்டுததுக்கு முந்தி நான் பனை ஏறுனவன். கெட்டுன மறுமாசமே அவ தளைநாரைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டா. பொறவு டவுன்ல ஒரு டிரெடில் அச்சாபீஸ்ல கம்பாசிட்டராச் சேந்தேன். இருபத்தெட்டு வருசம் ஈயம் பொறுக்குன வெரல் இது. கல்யாணப் பத்திரிகை, கன்வென்ஷன் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் ஸ்டிக்குல ஏறி எறங்குனதுதான். நீ டிஸ்பிளே டிஸ்பிளேன்னு சொல்லுதியே, அதுக்கு எங்க ஆபீஸ்ல பக்கம் கட்டுததுன்னு பேரு. பக்கம் ஒழுங்காக் கட்டலேன்னா போர்மேன் மண்டையில கொட்டுவாரு. ஒனக்குக் கொட்டுததுக்கு ஆளு இல்ல. அதான் சங்கதி.

எழுத்தைப் பெருசாக்க ஒரு கம்பி வச்சிருக்க பாத்தியா, அதைக் கடைசி வரைக்கும் இழுத்தேன். இந்தக் கண்ணுக்கு அதுதான் தோது. தானியேலைத் தொறந்தேன். மொத வரியில நேபுகாத். அடுத்த வரியில நேச்சார். பாபிலோன்ல ரெண்டு ராசாக்க பங்காளியாச் சேந்து ஆண்டாவ போலன்னு ரெண்டு நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஏசாயா மகனுக்கு மகேர்-சாலால்-அஷ்-பாஸ்னு பேரு வச்சாரே, அவன் படுத பாட்டைப் பாக்கணும். ஒண்ணொண்ணா நாலு வரி எறங்கி வாரான், பதநிக் கலயத்தோட பனையிலேருந்து எறங்குத மாதிரி. அவனாச்சும் நடுவுல கோடு போட்டு எறங்குதான். நேபுகாத்நேச்சாருக்கு அந்தக் கோடு கூட நீ குடுக்கல.

அதுவும் போட்டும். எருசலேம் பண்ணுன கூத்தைக் கேளு. "எருசல" மேல் வரியில நிக்கி. கீழ் வரியில ஒரு புள்ளி வட்டம், அதுக்கு முன்னால ரெட்டக் கொம்பு, பக்கத்துல ஒரு "ம்". மாடு ஒரு வரி, கொம்பு ஒரு வரி. என்னலே இதுன்னு ஒனக்குப் போனப் போட்டா, நீ ஒரு வெளக்கம் சொன்ன. யூனிகோடுல "ல" முந்தி இருக்குமாம், கொம்பு அதுக்குப் பொறவாலதான் இருக்குமாம், கண்ணுக்குக் காட்டும்போது மட்டும் கொம்பை முன்னால தூக்கி வைப்பாவளாம். நல்லதுலே. எங்க டைப் கேஸ்ல கொம்புக்குன்னு தனி அறை. மொதல்ல கொம்பை எடுத்து ஸ்டிக்குல வைக்கணும், பொறவுதான் "ல". கொம்பைப் பிடிச்சுத்தான் நாங்க மாட்டைக் கொண்டாருவோம். ஒங்க கம்ப்யூட்டர் மாட்டை முன்னால வெரட்டி விட்டுட்டுக் கொம்பைத் தேடுது. தேடட்டும். ஆனா வரியை ஒடைக்கும்போது முழு எழுத்தோட ஒடைக்கணும்னு அதுக்குச் சொல்லிக் குடு. இல்லேன்னா வார்த்தைக்கு வார்த்தை எடவெளியில ஒடை. ஒரு வார்த்தை வரிக்குள்ள கொள்ளவே கொள்ளாதுன்னா, அசை பாத்து முறிச்சு ஒரு சின்னக் கோடு போடு. ராசான்னு பாக்காதே, முறிக்க வேண்டிய எடத்துல முறி.

இன்னொண்ணு, வரிக்கும் வரிக்கும் நடுவுல உள்ள வெளி. நாங்க அந்த எடத்துல ஈயத் தகடு சொருகுவோம், லெட்டுன்னு சொல்லுவோம். நீ இங்கிலீசு எழுத்துக்கு அளவெடுத்த சட்டையத் தமிழுக்குப் போட்டுட்ட. இங்கிலீசுக்காரன் எழுத்து நிமுந்து நிக்கும். நம்ம எழுத்து மேல புள்ளி வைக்கும், விசிறி வச்சுக்கிடும், கீழ காலைச் சுழிச்சு நீட்டிப் படுக்கும். மேல் வரி "ணு" நீட்டுன காலு, கீழ் வரி "க்" தலையில இடிக்கி. பஸ்ஸுல பின் சீட்டுக்காரன் மொழங்கால் மாதிரி. இன்னும் கொஞ்சம் தகடு சொருகு. அப்புறம் ரெண்டு ஓரத்தையும் கத்தரிச்ச மாதிரி நேரா நிறுத்தணும்னு ஆசைப்படுத. அது நம்ம நீள வார்த்தைக்குச் சரிப்படாது. வரிக்கு ரெண்டே வார்த்தை வருது, நடுவுல வாய்க்கா ஓடுது. எடது ஓரம் நேரா இருந்தாப் போதும். வலது ஓரம் கோணலாக் கெடந்துட்டுப் போட்டும், நம்ம தேரிக்காட்டுப் பாதை மாதிரி.

எழுத்து சைசு தகராறு புதுசுன்னு நெனைக்காத. சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில வந்து எறங்குனது 1706. ஜெர்மனியில ஹாலேங்கித ஊர்லேருந்து தமிழ் எழுத்து வார்த்து அனுப்பி, அது வந்து சேந்தது 1713. வந்து பாத்தா, எழுத்தெல்லாம் கொழுக்கட்டை கணக்கா இருக்கு. அதுல புதிய ஏற்பாட்டை அச்சடிச்சா, கப்பல்ல வந்த காயிதம் அத்தனையும் மத்தேயுக்கே பத்தாது போல. அதனால ஊர்லேயே சின்ன எழுத்தா வார்த்தாவ. பாலாடைக்கட்டி வந்த டப்பாவுல உள்ள ஈய மூடியை உருக்கி வார்த்தாவன்னு எங்க அச்சாபீஸ்ல ஒரு கதை ஓடும். சுவிசேஷமும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-ல வந்துது, மிச்சம் 1715-ல முடிஞ்சுது. அவியளுக்குக் காயிதம் கெடைக்கல, எழுத்தைச் சுருக்குனாவ. நியாயம். ஒனக்கு என்னலே மொடை? கண்ணாடியைத் தள்ளத் தள்ள எடம் வந்துக்கிட்டே இருக்கு. கம்பியை முழுசா இழுத்த பொறவும் கண்ணைச் சுருக்கிப் பாக்க வைக்க. ஹாலேக்காரன் செஞ்ச தப்பை நீ செஞ்சாத்தான் நான் ஒன்னைக் கும்பிடுவேன்.

இந்த எடத்துல ஒரு ஆசையும் இருக்கு. சொன்னா கெழடு கோட்டி பிடிச்சு அலையுதுன்னு நெனைப்ப. 1978-ல எழுத்துச் சீர்திருத்தம் வந்துது பாரு, அதுக்கு முந்தி "லை"க்கும் "ணை"க்கும் "னை"க்கும் தும்பிக்கை இருந்துது. எழுத்துக்கு முன்னால ஆனை தும்பிக்கையத் தூக்குன மாதிரி ஒரு சுழி. எங்க வீட்டு வேதபுத்தகம் அந்த எழுத்துதான். அரசாணை வந்த மறுவாரம் போர்மேன் கேஸ்லேருந்து அந்த எழுத்தையெல்லாம் அள்ளி உருக்கப் போட்டுட்டாரு. தும்பிக்கை போன "லை" இன்னைக்கும் என் கண்ணுக்கு மூக்கறுந்த மாதிரிதான் இருக்கு. எழுத்துருவை மாத்துனாப் பழைய உருவம் வந்துரும்னு நீதான் ஒருநா வாய் தவறிச் சொன்ன. அப்போ ஒரு பொத்தான் வையி. எம்பது வயசுக்காரனுக்கு ஒரு ஆனை வளத்தா ஒன் போன் ஒடைஞ்சிராது.

அடுத்தது எண்ணு. வசனத்துக்குப் போடுத எண்ணு. அதைக் கட்டெறும்பு முட்டை கணக்கா மேல தூக்கி வச்சிருக்க. எழுத்தைப் பெருசாக்குனா எழுத்து மட்டும் பெருசாவுது, எண்ணு அப்படியே முட்டைதான். கோயில்ல ஐயர் "யோவான் பதினொண்ணு, முப்பத்தஞ்சு"ம்பாரு. நான் மூக்குக்கண்ணாடியை ஏத்தி எறக்கி முப்பத்தஞ்சைத் தேடிப் பிடிக்கதுக்குள்ள, அந்த வசனம் மூணே வார்த்தைலே, அவரு படிச்சு முடிச்சு, அழுதவனுக்கு ஆறுதலும் சொல்லி, காணிக்கைக்குப் பாட்டே எடுத்திருவாரு.

இந்த எண்ணைப் போட்டதும் நம்ம தொழில்காரன்தான், ஞாபகம் வச்சுக்கோ. அதிகாரம் பிரிச்சது ஸ்டீபன் லாங்டன்னு ஒரு பேராயரு, பதிமூணாம் நூத்தாண்டுல. வசன எண்ணு போட்டது ராபர்ட் எஸ்தியேன்னு ஒரு பிரான்சு தேசத்து அச்சுக்காரன், புதிய ஏற்பாட்டுக்கு 1551-ல. பாரீஸ்லேருந்து லியோனுக்குப் போத வழியில அந்த வேலையச் செஞ்சான்னு அவன் மகன் எழுதி வச்சான். அதைப் பிடிச்சுக்கிட்டு, குதிரை துள்ளுன எடத்துலயெல்லாம் எண்ணு விழுந்துட்டுன்னு இன்னைக்கு வரைக்கும் கேலி பேசுதாவ. கேலியில கொஞ்சம் உண்மையும் உண்டு. எபேசியர் மொதலாம் அதிகாரத்துல மூணாம் வசனத்துலேருந்து பதினாலு வரைக்கும் கிரேக்குல ஒரே வாக்கியமாம்லே. பவுல் மூச்சு விடாமப் பேசியிருக்காரு. நாம அதைப் பன்னெண்டாக் கூறு போட்டு, ஒவ்வொண்ணையும் தனி வரியில நிறுத்தி வச்சிருக்கோம், கறிக்கடையில கூறு வைக்க மாதிரி. அதனால ரெண்டு வழியும் வேணும். கோயில்ல ஐயர் சொல்லச் சொல்லத் தேட வசனத்துக்கு ஒரு வரின்னு இருக்கட்டும். ராத்திரி தனியா உக்காந்து படிக்க, எண்ணை மங்கலாக்கிப் பத்திப் பத்தியா ஓட விடு. அதை மாத்துத பொத்தான் கண்ணு முன்னால இருக்கணும். நீ அதை ஏழு கதவுக்கு உள்ள வச்சிருக்க. எரிகோ மதிலே ஏழு சுத்துல விழுந்துட்டு. ஒன் செட்டிங்ஸ் இன்னும் விழல.

இருட்டுல படிக்கக் கறுப்புத் திரை வச்சிருக்கியே, அதுக்கு ஒனக்கு ஒரு சபாஷ். ஆச்சி தூக்கம் கெடாது. ஆனா ஆண்டவர் பேசுத வசனத்தைச் செவப்புல போட்டிருக்க. அந்த வழக்கத்தைத் தொடங்கி வச்சது நியூயார்க்குல பத்திரிகை நடத்துன லூயிஸ் கிளாப்ஷ், 1899-ல. காயிதத்துல அது அழகு. நாங்களும் பண்டிகை நோட்டீசு செவப்புல போட்டிருக்கோம், ஒரே தாளைக் கறுப்புக்கு ஒருக்க, செவப்புக்கு ஒருக்க மிஷின்ல விடணும், ஒரு மயிரிழை வெலகுனாப் போச்சு. ஒனக்கு அந்தக் கஷ்டம் இல்ல, சும்மா கெடைச்ச செவப்பு. கறுப்புத் திரையில அந்தச் செவப்பை வச்சு, வெளிச்சத்தையும் கொறச்சு, யோவான் பதினெட்டைப் படிச்சேன். பிலாத்து கேக்குதது பளிச்சுன்னு தெரியுது. ஆண்டவர் சொன்ன பதில் ஒண்ணும் தெரியல. பிலாத்து திரும்பக் கேக்கான். திரும்பவும் இருட்டு. அந்த ஆளு கையக் கழுவுனதுல தப்பே இல்லலே, அவனும் ஒன் ஆப்லதான் வெசாரிச்சிருப்பான்.

செவப்பை மங்குன ரோசா நிறமாக்கு, இல்லேன்னா பக்கவாட்டுல ஒரு கோடு போடு. செவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாத ஆளுங்களும் நம்ம சபையில உண்டு. ஒங்க பெரிய மாமா ஆயுசு முழுக்கச் செவப்புச் சட்டைன்னு பச்சைச் சட்டைதான் எடுத்திருக்காரு.

ரெண்டு மொழிபெயர்ப்பைப் பக்கத்துல பக்கத்துல வைக்கதுக்கு ஒரு வசதி பண்ணியிருக்க. எண்ணம் நல்ல எண்ணம். பவர் ஐயரும் கால்டுவெல் ஐயரும் மத்தவியளும் கூடி உக்காந்து திருத்தி 1871-ல வந்த பழைய தமிழ் ஒரு பக்கம், 1995-ல ரோமன் கத்தோலிக்கரும் நம்மவியளும் சேந்து கொண்டாந்த திருவிவிலியம் ஒரு பக்கம். சரி. ஆனா இந்த உள்ளங்கை அகலத்துல ரெண்டு பத்தி போட்டா, பத்திக்கு ஒரு வார்த்தைதான் நிக்கி. ரெண்டு பக்கமும் எறும்புச் சாரை. போனை நேராப் பிடிச்சா வசனத்துக்குக் கீழ வசனம்னு வையி, படுக்கப் போட்டாப் பக்கத்துல பக்கத்துல வையி. அதைவிட முக்கியம், ஒண்ணைத் தள்ளுனா மத்தது கூடவே வரணும், வசனத்துக்கு வசனம் ஒட்டிக்கிட்டு. அது லேசு இல்லேன்னும் எனக்குத் தெரியும். எல்லாப் பைபிளும் ஒரே மாதிரி எண்ணுததில்ல. எபிரெயப் புத்தகத்துல மல்கியா மூணு அதிகாரத்தோட முடியுது, நமக்கு நாலு. அவியளுக்குச் சங்கீதத்துத் தலைப்பே பல எடத்துல மொத வசனம், நாம தலைப்புக்கு எண்ணு போடுததில்ல. அதை நீ கவனிக்காம எண்ணுக்கு எண்ணு முடிச்சுப் போட்டுட்ட. ஒரு நுகத்துல ஒரு மாடு ஒரு அடி முந்தி நடக்கு. எடது பத்தியில தாவீது மகனுக்குப் பயந்து ஓடுதாரு, வலது பத்தியில நிம்மதியாப் படுத்துத் தூங்குதாரு.

இங்கிலீசு பைபிளைப் பக்கத்துல வச்சா, அந்தப் பத்தியில ஒவ்வொரு வார்த்தைக்கும் காதுல ஒரு நம்பர் தொங்குது, கால்நடை ஆஸ்பத்திரியில மாட்டுக்குக் குத்துத மஞ்சள் வில்லை கணக்கா. ஸ்ட்ராங் நம்பர்னு சொன்ன. ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-ல போட்ட கணக்கு, எபிரெய வார்த்தைக்கு மட்டும் 8,674. படிச்சவனுக்குப் பெரிய பொக்கிஷம்தான். தொட்டா வரட்டும். தொடாதப்போ வில்லையைக் கழத்தி வையி.

இப்பதான் தொடுத சமாச்சாரத்துக்கு வாரேன். கதவைச் சாத்திட்டு வா. ஆச்சி அடுப்படியில இருக்காளா பாரு.

போன மாசம் ஒருநா விடியக்காலம் அஞ்சு மணி. நீதிமொழிகள் 21 படிச்சுக்கிட்டு இருந்தேன். இந்த வெரலைப் பாரு. முந்தி பனை ஒரசுன வெரல், பொறவு ஈயம் பொறுக்குன வெரல். இதுக்குப் பையத் தொடத் தெரியாது. வரி தவறாம இருக்க வரிக்குக் கீழ வெரலை வச்சுக்கிட்டுப் படிக்கது எனக்குச் சின்னப் பிள்ளையிலேருந்து பழக்கம். ஒன்பதாம் வசனத்துக்குக் கீழ வெரலை வச்சேன். வசனம் மஞ்சளாச்சு. பதறிப் போயி எடுத்து திரும்ப வச்சேன். ஒரு பலகை வந்துது. பலகையத் தள்ளுனேன். வசனத்துக்குப் பின்னால ரோசாப்பூவும் ரெண்டு புறாவும் வந்து ஒக்காந்துது. வேண்டாம்யான்னு ஒரு பொத்தானை அமுக்குனேன். அது சலுங்குன்னு சத்தம் போட்டுட்டு நம்ம குடும்ப வாட்சப் குரூப்புக்குப் போயிட்டு.

அந்த வசனம் என்னன்னு நான் வாயால சொல்ல மாட்டேன், நீயே எடுத்துப் பாரு. வீட்டுக்குள்ள ஒரு மாதிரிப் பொம்பளையோட இருக்கதைவிட மொட்டை மாடி மூலை மேலுங்கித சங்கதி. அதே வசனத்தைச் சாலொமோன் ராசா 25:24-ல திரும்பவும் ஒருக்கச் சொல்லியிருக்காரு. ஒருக்கச் சொல்லி ஆத்தாமை தீரல போல. அவருக்கு எழுநூறு. நமக்கு ஒண்ணு. அந்த ஒண்ணும் அந்தக் குரூப்புல இருக்காலே! ஒங்க அத்தை ரெண்டு பேரு, சம்பந்தி வீட்டுக்காரவிய, ஊர்ல பாதி. கீழ என் பேரு வேற போட்டிருக்கு, "அன்புடன் பகிர்ந்தவர்"னு. சேகரத்து ஐயர் விடியக்காலமே கும்பிட்ட கை பொம்மை ஒண்ணு அனுப்பியிருக்காரு. சம்பந்தி "ஆமென்"னு போட்டிருக்காரு. அவரு வீட்டுல அன்னைக்கு என்ன நடந்துதோ.

ஆச்சி எந்திரிச்சா. பாத்தா. ஒரு வார்த்தை பேசல. காப்பி வச்சா, குடுத்தா. பொறவு போனை எடுத்து, ஒத்தை வெரலால தட்டித் தட்டி, குரூப்புல ஒரே ஒரு பதில் போட்டா: "1 சாமுவேல் 25:25." வசனத்தைக் கூடப் போடல. பூ இல்ல, புறா இல்ல. வெறும் எண்ணு. வேதம் தெரிஞ்சவன் எடுத்துப் பாத்துக்கிடட்டும்னு விட்டுட்டா. எடுத்துப் பாத்தாவலே, எல்லாரும் எடுத்துப் பாத்தாவ. அபிகாயில் தன் புருசன் நாபாலைப் பத்தித் தாவீதுகிட்ட என்ன சொன்னாள்னு ஊர் முழுக்கத் தெரிஞ்சு போச்சு. இப்ப நம்ம கோயில் வாசல்ல சின்னப் பயலுவ என்னைப் பாத்து நாபால் தாத்தான்னு சொல்லுதானுவ.

ஆகையால எய்யா, தொட்டா மஞ்சளாவக் கூடாது. வெரல் வச்சுப் படிக்கவன் கோடி பேரு இருக்கான். தொட்டா ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். செத்த நேரம் அமுக்கிப் பிடிச்சா மட்டும் கீழ ஒரு பட்டை வரட்டும். அதுல பகிருததைக் கடைசியில வையி, யாருக்குன்னு ரெண்டு தடவை கேளு. நீதிமொழிகளுக்கு மட்டும் மூணு தடவை கேளு.

தேடுததைப் பத்தி ஒரு சொல்லு. "தாவீது"ன்னு போட்டா "தாவீதின்" வர மாட்டேங்குது. சங்கீதத்துல பாதி அந்தத் தாவீதின்தாம்லே. தமிழ்ல வேத்துமை சேந்தா வால் மாறும்னு ஒனக்கு நாலாங்கிளாஸ்ல சொல்லிக் குடுத்த டீச்சர் இன்னும் உசிரோடதான் இருக்காவ, போயி ஒருக்கப் பாத்துட்டு வா.

கடைசியா ஒண்ணு இருக்கு. இதுக்குத்தான் இம்புட்டுச் சுத்தி வந்தேன். அந்தப் பலகையில இருக்கே என் வேதபுத்தகம், அதை எடு. எங்க கல்யாணத்துக்கு ஞானஸ்நானத் தகப்பனார் குடுத்தது. ரோமர் எட்டு இருபத்தெட்டு எங்க இருக்கு, நான் சொல்லுதேன். வலது பக்கம், ரெண்டாம் பத்தி, கீழ, ஒரு எண்ணெய்க் கறைக்குப் பக்கத்துல. தொறந்து பாரு. இருக்கா? கண்ணை மூடிக்கிட்டுக் கூட எடுப்பேன். ஒன் ஆப்ல அதே வசனம் எங்கலே இருக்கு? நேத்து நடுவுல இருந்துது. எழுத்தைப் பெருசாக்குனேன், கீழ போயிட்டு. போனைப் படுக்கப் போட்டேன், காணாமப் போயிட்டு. நீ அதை ஓட விட்டுட்ட. ஓடுததை எப்படிய்யா மனசுல வைக்கது?

நீ "ஸ்க்ரோல்"னு சொல்லுத. அதுக்கு அர்த்தம் சுருளுதான? கும்ரான் குகையில 1947-ல எடுத்தாவளே ஏசாயா சுருளு, ஏறக்குறைய 24 அடி நீளம். அதைச் சுருட்டிச் சுருட்டித்தான் எடம் தேடணும். அந்தப் பாடு வேண்டாம்னுதான் ஆதிச் சபைக்காரவிய சீக்கிரமே ஏடு தச்சுப் புத்தகமாக்கிக் கையில வச்சுக்கிட்டாவ, பெரட்டுனா எடம் வரும்னு. ஆயிரத்தெண்ணூறு வருசம் கழிச்சு நீ திரும்பவும் சுருளைக் கொண்டாந்து என் கையில குடுக்க, புதுசுன்னு சொல்லி. யோயாக்கீம் ராசா எரேமியாவோட சுருளை மூணு நாலு பத்தி வாசிக்க வாசிக்க அறுத்து அடுப்புல போட்டானே, அவன் கூட அந்தச் சுருள்ல எடம் தேடி அலுத்துப் போன ஆளாத்தான் இருக்கணும்.

முடியாதுன்னு சொல்லாத. நம்ம கருப்பட்டி வாங்குத காயல்பட்டினத்துப் பாய் ஒருத்தரு உண்டுலா, அவரு மகன் குர்ஆன் முழுசும் மனப்பாடம் பண்ணுன ஹாபிஸ். போன வாரம் கருப்பட்டி காய்ச்சுத விடிலிக்கு வந்தப்போ பாய் போனை வாங்கிப் பாத்தேன். மதீனாவுல அச்சாவுத புத்தகத்துப் பக்கம் அப்படியே இருக்குலே. 604 பக்கம், பக்கத்துக்கு 15 வரி, ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தோட சரியா முடியுது. புத்தகத்துல எந்த வரி எந்த மூலையில இருக்கோ, போன்லயும் அந்த மூலையிலதான். ஏன்னு கேட்டேன். மனப்பாடம் பண்ணுத பிள்ளைங்க வார்த்தையோட எடத்தையும் சேத்துத்தான் மனசுல வைக்கும், எடத்தை மாத்துனா தடுமாறிப் போவும்ன்னாரு. அச்சாபீஸ்ல ஒரு நாளும் கால் வைக்காத மனுசன், பக்கம் கட்டுத சூத்திரத்தை ஒத்தை வாக்கியத்துல சொல்லிட்டுக் கருப்பட்டிக்கு வெலை பேச ஆரம்பிச்சுட்டாரு.

அப்படி ஒரு பக்கம் எனக்கும் கட்டிக் குடு. ஓடுதது வேணுங்கிறவனுக்கு ஓடட்டும். எனக்கு நிக்குத பக்கம் வேணும். கண்ணு தெரியலேன்னா பூதக்கண்ணாடி வச்சுப் பாக்க மாதிரி பெருசாட்டும், வரி மட்டும் எடம் மாறக் கூடாது. திரை சிறுசுன்னு மொனவாத. மூலையில நகத்தளவுக்கு முழுப் பக்கத்தோட படம் ஒண்ணு வையி, அதுல நான் இப்ப எங்க நிக்கேன்னு ஒரு புள்ளி. போதும், மிச்சத்தை என் மனசு பாத்துக்கிடும்.

என்னது, என் புத்தகத்தையே பக்கம் பக்கமாப் போட்டோ எடுத்துப் போடுதியா? பரவாயில்லலே, படிப்பு வீணாப் போவல. சாயந்தரம் வெயில் சாஞ்ச பொறவு எடு, திண்ணை வெளிச்சம் அப்பந்தான் மஞ்சளா, நெழல் விழாம இருக்கும். பக்கத்தை அமுக்கி விரிக்காத, தையல் விட்டுரும். எண்ணெய்க் கறையக் கம்ப்யூட்டர்ல வச்சுச் சுத்தம் பண்ணிராத. அது போச்சுன்னா ரோமர் எட்டு போச்சு.

ஆச்சி புத்தகத்தையும் எடுக்கணும்னா அவகிட்ட நீயே கேளு, நான் கேட்டாத் தர மாட்டா. ஒண்ணாம் சாமுவேல் இருபத்தஞ்சுல மூலையை மடிச்சு வச்சிருக்கா. அந்த மடிப்பை மட்டும் நிமித்திராத. அவளுக்கு இன்னும் தேவைப்படும்.